மதியம் போகும் ட்வீட்டர், ராத்திரி ஒழுங்காகப் பாடுகிறது. என்ன கோளாறு?

மலைக்கோட்டைக்காரன் (சனி, இரவு 9:40)

வணக்கம். ஒன்பது வருடம் ஓடிய ஹேட்ச்பேக் என்னுடையது. போன தீபாவளிக்கு முன்பக்கம் ஆறரை இன்ச் காம்போனென்ட் செட் போட்டேன். கதவில் மிட்பாஸ் (கீழ்ச்சுரம் பாடுவது), கண்ணாடியை ஒட்டிய முக்கோணத்தில் ட்வீட்டர் (மேல்சுரம் பாடும் சின்ன ஸ்பீக்கர்), இரண்டுக்கும் சுரத்தைப் பிரித்துக் கொடுக்கும் தனி கிராஸ்ஓவர், டிரைவர் சீட்டுக்கு அடியில் நாலு சானல் ஆம்ப். சானலுக்கு 60 வாட் ஆர்எம்எஸ் என்று ஆம்ப் மேல் எழுதியிருக்கிறது.

மாதம் இரண்டு முறை மதுரை போகிறேன். மதியம் திருச்சியில் கிளம்பினால் விராலிமலை வருவதற்குள் ட்வீட்டர் இரண்டும் போய்விடுகின்றன. பாட்டு நிற்பதில்லை. கச்சேரியில் ஜால்ராக்காரர் எழுந்து போய் மிருதங்கம் மட்டும் மிச்சம் இருப்பது போல ஆகிவிடும். வால்யூமைக் குறைத்து ஒரு நிமிடம் விட்டால் திரும்ப வரும். ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் மறுபடி போகும். அன்று ராத்திரியே திரும்பி வரும்போது அதே வால்யூம், அதே பாட்டு, வீடு வந்து சேரும் வரை ஒன்றும் ஆவதில்லை.

போட்டுக் கொடுத்த கடையில் "ட்வீட்டர் போச்சு சார், மாத்திடலாம்" என்று 4,500 ரூபாய் சொல்கிறார்கள். போன ட்வீட்டர் திரும்பி வருமா? அதுவும் இரண்டும் சேர்ந்து போய், சேர்ந்து வருமா?

டீசல்தாத்தா (சனி, இரவு 10:05)

லூஸ் காண்டாக்ட். எல்லா கனெக்டரையும் ஒரு தடவை பிடுங்கிச் சொருகுங்கள்.

சால்டர்புகை (சனி, இரவு 10:31)

தாத்தா, லூஸ் காண்டாக்டுக்கு மணி பார்க்கத் தெரியாது. ரோடு மோசமானால் போகும், கதவை அறைந்தால் போகும். வெயிலும் வால்யூமும் சேர்ந்தால் மட்டும் போவது அதன் குணம் இல்லை.

மலைக்கோட்டை தம்பி, காசை உள்ளே வையுங்கள். காயில் (உள்ளே சுற்றிய மெல்லிய கம்பி) எரிந்த ட்வீட்டர் திரும்பி வராது. (சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போய், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும் காயில் உண்டு. ஆனால் அது ஒரு பக்கம் நடக்கும். இரண்டு பக்கமும் ஜோடி போட்டு நடக்காது.) ஆம்ப் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ள புரொடெக்‌ஷனில் போனால் மிட்பாஸும் சேர்ந்து நிற்கும். உங்களுக்கு அது பாடிக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் மிச்சம் இருப்பது ஆம்புக்கும் ட்வீட்டருக்கும் நடுவில் உள்ள கிராஸ்ஓவர்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். கிராஸ்ஓவர் பெட்டி எங்கே வைத்திருக்கிறது? அதில் ட்வீட்டர் லெவல் ஸ்விட்ச் எதில் இருக்கிறது? ஹெட் யூனிட்டில் (டாஷ்போர்டில் இருக்கும் பிளேயர்) ட்ரெபிள், அதாவது மேல்சுர அளவு, எவ்வளவு?

மலைக்கோட்டைக்காரன் (சனி, இரவு 10:50)

ட்ரெபிள் பிளஸ் 6. எனக்குக் கொஞ்சம் பளிச்சென்று கேட்க வேண்டும், அதனால். கிராஸ்ஓவர் எங்கே என்று தெரியவில்லை. டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன், காணோம். நாளை சீட்டைக் கழற்றிப் பார்க்கிறேன்.

சால்டர்புகை (சனி, இரவு 11:02)

சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் அல்லது சீட் பெல்ட் டென்ஷனருடையது. சாவி ஆனில் இருக்கும்போது அதைப் பிடுங்காதீர்கள். முடிந்தால் சீட்டைக் கழற்றாமல் முன்னால் தள்ளி, பின் சீட்டில் உட்கார்ந்து குனிந்து பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

மலைக்கோட்டைக்காரன் (ஞாயிறு, காலை 8:15)

கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு கிராஸ்ஓவரையும் டபுள் டேப் போட்டு ஆம்பின் தலை மேலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள்! சூட்டை வெளியே விடும் ஹீட்சிங்க் பட்டைகள் மேல். ட்வீட்டர் ஸ்விட்ச் இரண்டிலும் பிளஸ் 3.

ரிச்சிதெரு (ஞாயிறு, காலை 8:40)

இட்லிச் சட்டி மேல் வெண்ணெய் டப்பா வைத்த கதை.

சால்டர்புகை (ஞாயிறு, காலை 9:20)

அவ்வளவுதான், பாதி வேலை முடிந்தது. கிராஸ்ஓவர் மூடியைத் திறந்தால் காயில், கெபாசிட்டர் இவற்றோடு ஒரு தட்டையான வில்லை தெரியும். பெரும்பாலும் மஞ்சள் நிறம், இரண்டு கால். பார்த்தால் டிஸ்க் கெபாசிட்டர் மாதிரி இருக்கும். அது பாலிஸ்விட்ச். ட்வீட்டர் லைனில் தொடராகப் போட்டிருப்பார்கள், ட்வீட்டரைக் காப்பாற்ற.

அதன் உள்ளே பிளாஸ்டிக், அதற்குள் கரித்தூள். குளிர்ந்திருக்கும்போது கரித்துகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கரண்டைக் கடத்தும், ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓமுக்கும் கீழே. கரண்ட் அளவு மீறினால் வில்லை சூடாகும், பிளாஸ்டிக் விரியும், துகள்கள் விலகும், ரெசிஸ்டன்ஸ் பல மடங்கு ஏறிவிடும். ட்வீட்டருக்குப் போவது ஏறக்குறைய நின்றுவிடும். அதன் பிறகு அதன் வழியாகக் கசியும் கொஞ்சம் கரண்டே அதைச் சூடாக வைத்திருக்கும். பாட்டைக் குறைத்தால்தான் ஆறும், சுருங்கும், திரும்பக் கடத்தும். ஃபியூஸ் மாதிரி அறுந்து போவதில்லை. நீங்கள் எழுதிய அறிகுறி அத்தனையும் இதில் அடங்கிவிட்டது, பாருங்கள்.

வெயில் எங்கே வந்தது என்றால், அந்த வில்லைக்குத் தன் கரண்டால் வந்த சூடு எது, பக்கத்து வீட்டுச் சூடு எது என்று பிரிக்கத் தெரியாது. எவ்வளவு கரண்ட் வரை பொறுக்கும் என்பதை அறைச்சூட்டில் அளந்துதான் அச்சிடுவார்கள். சுற்றிலும் 70 டிகிரி ஆனால் அந்த அளவு பாதியை ஒட்டி இறங்கிவிடும். திருச்சி வெயிலில் ஆபீஸ் வாசலில் நிறுத்திய கார், சீட்டுக்கு அடியில் காற்றில்லாத இடம், அதன் கீழே கொதிக்கும் ஆம்ப். ராத்திரியில் காரும் ஆம்பும் ஆறியிருக்கும், அதனால் தப்பிக்கிறீர்கள்.

டீசல்தாத்தா (ஞாயிறு, காலை 9:48)

அப்போ அந்த வில்லையை ஒரு ஒயர் போட்டு ஷார்ட் பண்ணிவிட்டால் போச்சு. என் ஜீப்பில் நாலு வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது.

சால்டர்புகை (ஞாயிறு, காலை 10:10)

உங்கள் ஜீப் எஞ்சின் சத்தத்தை மீறி ட்வீட்டர் இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்கு எப்படித் தெரியும் தாத்தா?

விளையாட்டு போகட்டும். தம்பி, அதைச் செய்யாதீர்கள். வில்லையை எடுத்துவிட்டால் அடுத்து அறுவது காயில்தான். ட்வீட்டர் பெட்டியில் 100 வாட் என்று போட்டிருப்பது முழுப் பாட்டையும் கிராஸ்ஓவர் வழியாகக் கொடுக்கும்போது உள்ள கணக்கு. பாட்டின் சக்தியில் பெரும்பங்கு கீழ்ச்சுரத்தில் இருக்கிறது, மேலே போவது சொற்பம். தலைமுடி போன்ற அந்தக் காயில் தொடர்ந்து தாங்குவது சில வாட்தான்.

இப்போது உங்கள் கணக்கு. 3 டெசிபல் ஏற்றினால் சக்தி இரண்டு மடங்கு, 6 ஏற்றினால் நாலு மடங்கு. ட்ரெபிளில் 6, ஸ்விட்சில் 3, ஆக 9 டெசிபல். மேல் ஓரத்துச் சுரங்களுக்கு எட்டு மடங்கு கேட்கிறீர்கள். வில்லை தன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

பொன்மலை_பாஸ் (ஞாயிறு, காலை 11:30)

கெயினையும் (ஆம்பில் உள்ள அளவுக் குமிழ்) பாருங்கள். ஆம்ப் கிளிப் ஆனால், அதாவது உச்சத்தைத் தொட்டு அலையின் தலை வெட்டுப்பட்டால், டிசி வரும், அந்த டிசிதான் ட்வீட்டரை எரிக்கும் என்று படித்திருக்கிறேன்.

சால்டர்புகை (ஞாயிறு, மதியம் 12:15)

கெயினைப் பார்க்கச் சொன்னது நூற்றுக்கு நூறு. டிசி கதைதான் தவறு. இருபது வருடமாக இதை எல்லோரும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு வருகிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். ட்வீட்டருக்கு முன்னால் கெபாசிட்டர் இருக்கிறது, அது டிசியை விடாது. தலை வெட்டுப்பட்ட அலையும் மேலும் கீழும் போய் வரும் ஏசிதான்.

நடப்பது வேறு. ஆம்ப் தன் உச்சத்தைத் தொட்டதும் பாஸ் அதற்கு மேல் ஏற முடியாமல் நிற்கிறது. நீங்கள் வால்யூமை இன்னும் ஏற்றும்போது மேல்சுரம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. வெட்டுப்பட்ட முனைகளால் புதிதாக மேல்சுரக் குப்பையும் சேர்கிறது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ட்வீட்டருக்கு ஆற நேரம் இல்லாமல் போகிறது. எரிப்பது அந்தச் சராசரி.

பொன்மலை_பாஸ் (ஞாயிறு, மதியம் 12:40)

சரி, ஒப்புக்கொள்கிறேன். கெபாசிட்டர் இருப்பதை யோசிக்கவில்லை. கெயின் வைக்கும் முறையை நான் எழுதிவிடுகிறேன், அதையாவது சரியாகச் செய்கிறேன்.

ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். ஹெட் யூனிட்டில் பாஸ், ட்ரெபிள், லவுட்னஸ் எல்லாம் பூஜ்யம். ஆம்பின் ஃபில்டரையும் ஆஃப் செய்யுங்கள். 0 டெசிபலில் (பதிவின் உச்ச அளவில்) பதிந்த ஒரு சைன் டோன் (ஒரே சுரமாக ஒலிப்பது) போட்டு, ஹெட் யூனிட் வால்யூமை நாலில் மூன்று பங்கு வையுங்கள். எஞ்சின் ஓடட்டும். ஆம்ப் வெளியீட்டில் மீட்டரை ஏசியில் வைத்து அளங்கள். 60 வாட், 4 ஓம் என்றால் 60ஐ 4ஆல் பெருக்கி வர்க்கமூலம், 15.5 வோல்ட். கெயினைக் கீழிருந்து மெல்லத் திருப்பி 15.5 வந்ததும் கையை எடுத்துவிடுங்கள்.

எல்லோரும் 1,000 ஹெர்ட்ஸ் டோன் என்பார்கள். நம் கையில் இருக்கும் சாதா மீட்டர்கள் ஏசியைச் சில நூறு ஹெர்ட்ஸ் வரைதான் ஒழுங்காக அளக்கும். அதனால் 300 ஹெர்ட்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

நெல்லை_ஹார்ன் (ஞாயிறு, மதியம் 2:20)

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஆம்ப் கிடையாது. ஹெட் யூனிட்டே சானலுக்கு 50 வாட், நாலு சானல். கம்பெனி ட்வீட்டரில் கிராஸ்ஓவரும் இல்லை, முதுகில் ஒரு கெபாசிட்டர் மட்டும் ஒட்டியிருக்கிறது. வலது பக்கம் விட்டு விட்டுக் கேட்கிறது. இதுவும் பாலிஸ்விட்ச்தானா?

ரிச்சிதெரு (ஞாயிறு, மாலை 3:05)

உங்களுக்குப் பாலிஸ்விட்சே இல்லை. ட்வீட்டரை வெளியே எடுத்துப் பாட்டை மெல்ல ஓடவிட்டு, அந்தக் கெபாசிட்டரைக் குச்சியால் லேசாக ஆட்டுங்கள். சத்தம் வந்து வந்து போனால் சால்டர் விட்டிருக்கிறது. சில சமயம் கெபாசிட்டரே செத்திருக்கும். மாற்றும்போது அதே மதிப்பு, நான்‌போலார் அல்லது ஃபிலிம் வகை போடுங்கள். கடைக்காரர் சாதா எலக்ட்ரோலிட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். மதிப்பைக் கூட்டினால் சத்தம் கூடும் என்று 10 மைக்ரோஃபாரட் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 4.7 போட்ட 4 ஓம் ட்வீட்டருக்கு வெட்டு (அதற்குக் கீழே உள்ள சுரம் குறையத் தொடங்கும் இடம்) 8,500 ஹெர்ட்ஸ் பக்கம். 10 போட்டால் 4,000க்கு இறங்கிவிடும். ட்வீட்டர் தாங்காத பாரத்தை அதன் தலையில் ஏற்றியது போல.

மீட்டர் வைப்பதாக இருந்தால் கெபாசிட்டருக்கு உள்பக்கம், ட்வீட்டரின் இரண்டு முனையில் வையுங்கள். வெளியே வைத்தால் நல்ல ட்வீட்டரும் ஓப்பன் என்றே காட்டும். 4 ஓம் ட்வீட்டர் மூன்று சொச்சம் காட்டினால் நல்லது.

அப்புறம் அந்த 50 வாட். கார் மின்சாரம் 14.4 வோல்ட். அதற்குள் சுத்தமான சைன் அலையை 4 ஓமில் முழுதாகத் தள்ளினாலும் 26 வாட்டைத் தாண்டாது, ஹெட் யூனிட்டுக்குள் இருக்கும் ஆம்ப் ஐசி தின்பது போக 20 சொச்சம். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுங்கள், 51.8 வரும். அதாவது முழுக்கக் கிளிப் ஆகிச் சதுர அலையானால்தான் பெட்டியில் போட்ட 50 வாட். கேட்க முடியாத அளவைத்தான் விளம்பரத்தில் போடுகிறார்கள்.

நெல்லை_ஹார்ன் (ஞாயிறு, மாலை 5:30)

சால்டர்தான்! குச்சி பட்டதும் பேச ஆரம்பித்துவிட்டது. நன்றி அண்ணே.

மலைக்கோட்டைக்காரன் (புதன், இரவு 8:50)

இரண்டு நாள் ஆபீஸ் முடிந்து வந்து மெதுவாகச் செய்தேன்.

முதலில் கெயின். கடையில் வைத்துக் கொடுத்த நிலையில் மீட்டர் 20 வோல்ட்டைத் தாண்டியது. குமிழைப் பார்த்தால் வலது கடைசி வரை திருகியிருக்கிறது. 15.5க்குக் கொண்டுவந்தேன், கிட்டத்தட்ட நடுவுக்கு வந்து நின்றது. ஃபில்டரை 80 ஹெர்ட்ஸ் ஹைபாஸில் (அதற்கு மேல் உள்ளதை மட்டும் விடுவது) வைத்தேன். ட்வீட்டர் ஸ்விட்ச் 0, ட்ரெபிள் 0. முதல் பத்து நிமிடம் உப்பில்லாத சாம்பார் மாதிரி இருந்தது. அப்புறம் பழகிவிட்டது, தம்புராவின் தந்திகள்கூடத் தனித்தனியாகக் கேட்கின்றன.

கிராஸ்ஓவர்களை ஆம்பின் மேலிருந்து பிரித்து, ஒயரைக் கொஞ்சம் நீட்டி, இரண்டு பக்கமும் காலடிப் பலகைக்குப் பின்னால் கட்டிவிட்டேன். ஏசி காற்று படும் இடம்.

இன்று மதியம் வேண்டுமென்றே காரை வெயிலில் நிறுத்தி, அரை மணி நேரம் சத்தமாக ஓடவிட்டேன். இடது பக்கம் அசையவில்லை. வலது பக்க ட்வீட்டர் மட்டும் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்தது. வால்யூமைக் குறைத்தேன், வரவில்லை. இறங்கிக் கதவைச் சாத்தினேன், வந்துவிட்டது. இப்போது ராத்திரியிலும் அப்படித்தான் வந்து வந்து போகிறது.

டீசல்தாத்தா (புதன், இரவு 9:05)

லூஸ் காண்டாக்ட். நான்தான் முதலிலேயே சொன்னேனே.

சால்டர்புகை (புதன், இரவு 9:22)

இந்தத் தடவை தாத்தாவுக்குத்தான் பரிசு. இரண்டு கோளாறு ஒன்றின் மேல் ஒன்று படுத்திருந்திருக்கிறது. பெரியது போனதும் சின்னது தலைகாட்டுகிறது.

வலது பக்கம் டிரைவர் கதவு. காரில் அதிகம் திறந்து மூடுவது அதுதான். கிராஸ்ஓவர் உள்ளே இருப்பதால் மிட்பாஸுக்கு ஒரு ஜோடி ஒயரும் ட்வீட்டருக்கு ஒரு ஜோடி ஒயரும் தனித்தனியாகக் கதவுக்குள் போகின்றன. மிட்பாஸ் பாடும்போதே ட்வீட்டர் மட்டும் போவதற்கு அதுதான் காரணம். கதவுக்கும் தூணுக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக ரப்பர் பூட் இருக்கும், அதற்குள் போகிற ஒயரைப் பாருங்கள். மேலே பிளாஸ்டிக் உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கையில் பிடித்து மெல்ல இழுத்தால் அந்த இடம் மட்டும் ரப்பர் மாதிரி நீளும்.

அதற்கு முன் ஒரு சோதனை. கிராஸ்ஓவரில் ட்வீட்டர் ஜோடியைக் கழற்றி, அந்த இரண்டு முனையிலும் மீட்டரை ஓமில் வைத்து, கதவை மெல்லத் திறந்து மூடுங்கள். மூன்று சொச்சத்தில் நிற்க வேண்டிய எண் தாண்டிக் குதித்தால் முடிந்தது.

மலைக்கோட்டைக்காரன் (வியாழன், இரவு 10:15)

கதவை முழுதாகத் திறக்கும்போது 3.4. பாதி மூடும்போது எண் பறந்து 1 என்று இடது ஓரத்தில் போய் நிற்கிறது (அளவு மீறிவிட்டது என்று மீட்டர் காட்டும் குறி). ரப்பரை விலக்கிப் பார்த்தால் கடைக்காரர் ட்வீட்டருக்கு மணி ஒயர் போட்டிருக்கிறார்! ஒற்றைக் கம்பி, வீட்டுக் காலிங்பெல்லுக்குப் போடுவது. எத்தனை தடவைதான் அது வளையும்?

ரப்பருக்குள்ளேயே முறுக்கி டேப் சுற்றிவிடலாமா?

ரிச்சிதெரு (வியாழன், இரவு 10:30)

வேண்டாம். வளைகிற இடத்தில் ஜாயிண்ட் போட்டால் அடுத்த மாதம் இதே கோளாறோடு இங்கே வந்து நிற்பீர்கள். கிராஸ்ஓவரிலிருந்து ட்வீட்டர் வரை ஒரே ஒயராக மாற்றிவிடுங்கள். மெல்லிய இழை நிறைய உள்ள ஸ்பீக்கர் ஒயர், ட்வீட்டருக்கு 18 கேஜ் தடிமன் தாராளம். ரப்பருக்குள் கொஞ்சம் தளர்வாக விடுங்கள், கதவு முழுதாகத் திறந்த நிலையில் இழுபடக் கூடாது. துளைக்குள் நுழைய மறுத்தால் ஒயரின் மேல் துளி பாத்திரம் தேய்க்கும் சோப்பு. பழைய ஒயரின் நுனியில் புதியதைக் கட்டி இழுத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும், பழையதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அப்புறம் திண்டாடாதீர்கள்.

இடது பக்கமும் அதே மணி ஒயர்தான் இருக்கும். சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

மலைக்கோட்டைக்காரன் (ஞாயிறு, இரவு 9:10)

இரண்டு பக்கமும் மாற்றியாயிற்று. ஒயரும் ஹீட் ஷ்ரிங்க் குழாயும் சேர்த்து 380 ரூபாய். இன்று மதியம் ஒன்றரை மணிக்கு, நல்ல வெயிலில் கிளம்பினேன். விராலிமலை போயிற்று, துவரங்குறிச்சி போயிற்று, மேலூர் டோல் வரை ஜால்ராக்காரர் எழுந்திருக்கவே இல்லை. சால்டர்புகை அண்ணா, பொன்மலை, ரிச்சிதெரு, தாத்தா எல்லோருக்கும் நன்றி.

ஒன்று மட்டும். மேலூர் தாண்டியதும் டிரைவர் கதவிலிருந்து புதிதாக ஒரு கடகட சத்தம், பாஸ் அடிக்கும்போதெல்லாம். டோர் பேடைக் கழற்றும்போது இரண்டு கிளிப் உடைந்தது, மாட்டாமலே விட்டுவிட்டேன்.

டீசல்தாத்தா (ஞாயிறு, இரவு 9:25)

அது லூஸ் காண்டாக்ட் இல்லை, வெறும் லூஸ். உடைந்த கிளிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்பேர்ஸ் கடைக்குப் போங்கள், வண்டிப் பேரைச் சொல்லிக் கேட்டால் வேறு அளவு கொடுப்பார்கள். இரண்டு கேட்காதீர்கள், பத்து வாங்குங்கள். மாட்டும்போது இன்னும் இரண்டு உடையும்.